பதினெட்டுப் பொட்டு

பாரிவாக்கத்தில் மற்ற தொழிலெல்லாம் ஆடியில் படுத்துவிடும். பந்தல் போடுகிறவன், பத்திரிகை அச்சடிக்கிறவன், மனை வாங்கி விற்கிறவன் எல்லோரும் பஞ்சாங்கத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பரந்தாமனுடைய மாவு மில்லில் மட்டும் நிற்க இடமிருக்காது. தெருவுக்கு ஒரு அம்மன், அம்மனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு அண்டா கூழ். அத்தனை அண்டாவுக்கும் கேழ்வரகு அந்த மில்லில்தான் அரைபட்டாக வேண்டும். காலை ஆறு மணிக்கே டின்களும் பைகளும் வாசலிலிருந்து கழிவுநீர்க் கால்வாய் வரை வரிசை கட்டிவிடும்.

மில் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பதினாறடி உயரத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகை. அதற்குள் மூன்று இயந்திரங்கள். ஒன்று அரிசிக்கும் கேழ்வரகுக்கும், ஒன்று கோதுமைக்கு, மூலையில் தடுப்புக்குப் பின்னால் மிளகாய்க்கு. பரந்தாமனுடைய அப்பா நிலத்தை மனை போட்டு விற்றபோது மிச்சம் வைத்த துண்டில் கட்டியது. விற்ற நிலத்தில் இப்போது ஏழு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அங்கே இருக்கிறவர்கள் பாக்கெட் மாவு வாங்குகிறவர்கள். மில்லின் பக்கம் வருவது மழைக்கு ஒதுங்கத்தான்.

இயந்திரத்தின் முன்னால் நிற்பவர் அய்யாசாமி. வயது ஐம்பத்தாறு. அவருடைய அப்பா பரந்தாமனுடைய அப்பாவிடம் ஏர் ஓட்டியவர். நிலம் போன பிறகு அய்யாசாமி இரண்டு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு தூக்கிவிட்டு, மில் திறந்த அன்றைக்கு வந்து நின்றவர், இருபத்திரண்டு வருடமாக நிற்கிறார். பரந்தாமனுக்கு ஐம்பத்தொன்று முடிந்துவிட்டது. அய்யாசாமிக்கு அவர் இன்னும் 'சின்னய்யா'தான். பெரியய்யா செத்துப் பதினைந்து வருடமாகிறது, சின்னவருக்கு மட்டும் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

அய்யாசாமி கேழ்வரகைக் கையில் அள்ளிப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். "இத்த இன்னொருக்கா காய வெச்சி எடுத்துனு வாம்மா. ஈரமா கீது. கல்லுல ஒட்டிக்கும்." மாவு இறங்கும் துணிக்குழாயை இடது கையால் தட்டிக்கொண்டே வலது கையால் அடுத்த டின்னைத் திறப்பார். சாயங்காலம் பார்த்தால் புருவம், மீசை, காது மடல் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

சோலார் சமாச்சாரம் போன தை மாதம் வந்தது. மில்லுக்கு வருகிற மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அரைக்கிற கூலியை இரண்டு ரூபாய் ஏற்றினால் ஜனங்கள் பூந்தமல்லி வரை போய்த் திரும்பத் தயாராக இருந்தார்கள். அந்த நேரத்தில் சோலார் கம்பெனியின் ஏஜெண்டு வினோத் பைக்கில் வந்து இறங்கினான். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் டேப்லெட்.

"சார், நீங்க சிறுதொழில். உங்களுக்குக் கவர்மெண்டு கால் பங்கு மானியம் தருது. மிச்சத்துக்கு பேங்க் லோன். மாசம் கரண்டுக்குக் கட்டுற காச லோனுக்குக் கட்டுங்க. அஞ்சு வருஷத்துல லோனு முடிஞ்சிடும். அதுக்கப்புறம் சூரியன் உங்க வேலைக்காரன்."

இந்த வேலைக்காரனுக்காகப் பரந்தாமன் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொண்டுபோய் வைத்தார். மானியம் வந்து கடனில் கழிந்தால்தான் மாதத் தவணை அவர் தாங்குகிற அளவுக்கு இறங்கும். வராவிட்டால் மில்லையே மூடிவிட்டுத் தவணை கட்ட வேறு வேலைக்குப் போகவேண்டியதுதான். இதைப் பரந்தாமன் தன் மனைவி தாட்சாயிணியிடம் முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் ஒருவரோடு குடித்தனம் செய்தவளுக்கு, அவர் சோற்றைப் பிசைகிற விதத்திலேயே வங்கியிலிருந்து போன் வந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஆனி மாதக் கடைசியில் கூரைமேல் பதினெட்டுப் பேனல்கள் ஏறி உட்கார்ந்தன. வரிசைக்கு ஆறு, மூன்று வரிசை. கம்பெனிப் பையன்கள் ஷீட்டின்மேல் பலகை போட்டு நடந்து, வேலை முடிந்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது, "ஏறுனா போல்ட்டு வரிசமேல மட்டும் கால் வைங்க, கீழ இரும்பு ஓடுது. நடுவுல வச்சா உள்ள போயிடுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இங்கேதான் முதல் சிக்கல். அதிகாரி வந்து பார்த்து, மின்வாரியம் புது மீட்டர் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும் என்பது மானியத்துக்கான விதி. அதிகாரி எப்போது வருவார் என்பது அதிகாரிக்கே தெரியாது. நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. கடன் வாங்கிப் போட்ட ஒரு பொருளை ஆடியில் தொடங்குவதாவது! தாட்சாயிணி சாமி அறை வாசலில் நின்றுகொண்டு தீர்மானமாகச் சொன்னாள்.

"ஆடில மொதல் சுவிட்சு போட்டா அந்த மிஷினு வெளங்காது. ஆனியிலயே ஒரு மணி நேரமாச்சும் ஓட்டிட்டு நிறுத்திடுங்க. அப்பால ஆபீசர் எப்ப வந்தா இன்னா? ஆரம்பிச்சது ஆனில ஆரம்பிச்சதா ஆயிடும்."

வினோத்தைக் கேட்டதற்கு, "போடுங்க சார், ஒரு மணி நேரம்தான, யாருக்குத் தெரியப்போவுது" என்றான்.

ஆனி கடைசி நாள், காலை ஒன்பதரைக்குமேல் நல்ல நேரம். பரந்தாமன் ஏணி வைத்து ஏறிப் பேனலுக்கு ஒரு பொட்டாகப் பதினெட்டுப் பொட்டு வைத்தார். மில்லில் எந்த இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தாலும் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்துத்தான் வைப்பது வழக்கம். வெறும் குங்குமம் மாவுப் புழுதியில் ஒரு நாள் தாங்காது. எண்ணெயில் குழைத்தது அடுத்த ஆயுதபூஜை வரை இரும்போடு இருக்கும். தாட்சாயிணி கீழே நின்று எண்ணினாள். பதினெட்டு நல்ல எண் என்று சந்தோஷப்பட்டாள். சுவிட்சைப் போட்டார்கள். இயந்திரம் ஓடியது. அய்யாசாமி முதல் படி கேழ்வரகைக் கொட்டினார். ஒரு மணி நேரம் கழித்து நிறுத்திவிட்டு, எல்லோரும் கேசரி சாப்பிட்டார்கள்.

ஆடி மூன்றாவது சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வினோத் போன் செய்தான். மில்லில் இருபது டின் காத்திருந்தது. மறுநாள் ஏரிக்கரை அம்மனுக்குக் கூழ். காலையில் தூறிவிட்டு வெயிலும் மேகமுமாக இருந்தது.

"சார், திங்கக்கெழம ஆபீசர் வர்றாரு. எல்லாம் ரெடிதான? மேல பூஜை போட்டதெல்லாம் கிளீன் பண்ணிடுங்க. பொட்டு, மாலை எதுவும் இருக்கக்கூடாது. முன்னாடியே ஆன் பண்ணிட்டீங்கன்னு அவரு கண்டுபிடிச்சிட்டாரு, ஃபைலு அங்கயே படுத்துடும்."

 பரந்தாமன் போனை வைத்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, கூரையை அண்ணாந்து பார்த்தார். உள்ளிருந்து பார்த்தால் ஷீட் மட்டும்தான் தெரியும். இருந்தாலும் பார்த்தார்.

"இன்னா சின்னய்யா?"

"மேல பொட்டு கீதுல்ல, அத்தெல்லாம் தொடைக்கணுமாம். ஆபீசர் பாத்தா மானியம் கெடைக்காதாம்."

"எண்ணெப் பொட்டாச்சே. மூணு வாரம் வெயில்ல வெந்து கண்ணாடியோட ஒட்டிகினு இருக்கும். மண்ணெண்ணெ போட்டு தேச்சாதான் போவும்."

"துணி எடு. நான் ஏறி தொடைச்சிட்டு வந்துடறேன். நீ கேவுரு ஓட்டு, ஜனம் நிக்குது."

பரந்தாமன் லுங்கியை மடித்துக் கட்டி ஏணியில் கை வைத்துவிட்டார். இது உண்மை. பின்னால் எத்தனையோ முறை அவர் இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கை வைத்தது அவர்தான்.

மில்லுக்குப் பின்னாலேயே வீடு. காபியோடு வந்த தாட்சாயிணி விஷயத்தைக் கேட்டதும் தம்ளரை டின்மேல் வைத்துவிட்டாள்.

"நீங்க எறங்குங்க மொதல்ல. உங்க கையால வெச்ச குங்குமத்த உங்க கையாலயே அழிப்பீங்களா? அதுவும் ஆடில? நான் ஒருத்தி உசுரோட நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"ஆபீசர் திங்கக்கெழம வர்றாரு தாட்சா."

"வரட்டும். அதுக்கு நீங்கதான் அழிக்கணுமா? அய்யாசாமிய ஏத்துங்க."

வரிசையில் நான்காவதாக நின்றவள் அய்யாசாமியின் மனைவி நாகவல்லி. அந்த ஏழு மாடிக் குடியிருப்பில் படிக்கட்டு கூட்டித் துடைக்கிறவள். வேலை முடித்து, தன் ஏரிக்கரைத் தெருக் கூழுக்கு ஐந்து படி கேழ்வரகு எடுத்துக்கொண்டு நேராக வந்திருந்தாள்.

"ஏம்மா, அவுருக்கும் பொண்டாட்டி கீறா இல்ல?" என்றாள் சிரித்துக்கொண்டே. நெற்றியிலிருந்த பொட்டைத் தொட்டும் காட்டினாள்.

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். தாட்சாயிணியும் சிரித்தாள். "அடி போடி. வெச்சவங்க அழிச்சாதான் தோஷம். அவுரு இன்னா வெச்சாரா?" என்றாள்.   பரந்தாமன் ஏணியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

 அய்யாசாமி கழுத்துத் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். மண்ணெண்ணெய்ப் பாட்டிலை இடுப்பில் சொருகி, பழைய வேட்டிக் கிழிசலைத் தோளில் போட்டார். "சின்னய்யா, நீங்க துணிக்குழாய மட்டும் தட்டிகினு இருங்க, அடைச்சிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

கூரையின்மேல் என்ன இருக்கும் என்று மில் வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு வருடத்து மாவு. வெளியேற்றும் விசிறி துப்பித் துப்பி ஷீட்டின் பள்ளங்களில் படிந்து கிடக்கும். வெயிலில் அது வெறும் தூசி. காலைத் தூறலில் நனைந்தால் கஞ்சி. கால் வைத்தால் வழுக்கும். அதோடு, மாவின் அடியில் எது போல்ட் வரிசை, எது வெறும் ஷீட் என்று கண்ணுக்குத் தெரியாது.

கீழே பரந்தாமன் நாகவல்லியின் கேழ்வரகைக் கொட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இயந்திரச் சத்தத்தில் மேலே காலடி கேட்கவில்லை. ஆனால் தேய்க்கிற நேரத்துக்கு ஏற்றபடி மண்ணெண்ணெய் வாடை வந்துகொண்டிருந்தது. முதல் வரிசை முடிந்தது. இரண்டாவதும் முடிந்திருக்கும். ஒரு தடவை அய்யாசாமி ஏணிப் பக்கம் வந்து குனிந்து, "பன்னண்டு ஆச்சி சின்னய்யா, இன்னும் ஆறுதான்" என்று கத்தினார். நாகவல்லி டின்னை நகர்த்திக்கொண்டே, "பாத்து எறங்குய்யா, சோறு ஆறிடப் போவுது" என்று பதிலுக்குக் கத்தினாள்.

சற்று நேரத்தில் கூரையில் ஒரு சத்தம் இயந்திரத்தை மீறிக் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. ஓடு நொறுங்குகிற மாதிரி சத்தம். வெளிச்சம் ஒரு தூணாக உள்ளே விழுந்தது, அதோடு அய்யாசாமியும் விழுந்தார். கோதுமை இயந்திரத்தின் இரும்பு மேடையில் முதுகு பட்டு, சிமெண்ட் தரையில் மல்லாந்தார். அவரைச் சுற்றி மாவுப் புகை எழும்பியது. நாகவல்லி நின்ற இடத்திலிருந்து நான்கடிகூட இருக்காது.

 அவள் ஓடிப்போய் உட்கார்ந்து, முகத்தில் விழுந்திருந்த ஷீட் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவர் கண் திறந்துதான் இருந்தது.

"ஒன்னியும் இல்ல, ஒன்னியும் இல்ல" என்றார் அய்யாசாமி. பிறகு, "காலு எங்க கீதுன்னே தெரியல நாகு" என்றார்.

யாரோ ஒரு பெண் நூற்றெட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்யச் சொன்னாள். பரந்தாமன், "வேணாம், நம்ம வண்டியே நிக்குது, அது வர்றதுக்குள்ள நாம போயிடலாம்" என்றார். வேகத்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார். நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, மாவு மூட்டை ஏற்றுகிற சின்ன வண்டியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தார்கள். பூந்தமல்லி வரை பள்ளம் மேடெல்லாம் ஏறி இறங்கியது. அங்கே பார்த்துவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் முதலில் கேட்டது, "எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?" என்றுதான். சொன்னதும், முதுகு அடிபட்டவரை அப்படித் தூக்கியிருக்கக்கூடாது என்றார்.

போகும் வழியிலேயே தாட்சாயிணி போன் செய்திருந்தாள். "அவுருக்கு எப்டி கீது?" என்று அழுதாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மில்லுல வுழுந்தாருன்னு எழுதுனா போலீசு வருமாங்க? போலீசு வந்தா திங்கக்கெழம ஆபீசர் வருவாரா?" என்று கேட்டாள். அதைக் கேட்கும்போதும் அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். இரண்டும் உண்மையான அழுகைதான்.

பெரியாஸ்பத்திரி வாசலில் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"எங்க விழுந்தாரு?"

பரந்தாமன் நாகவல்லியைப் பார்த்தார். அவள் புடவை முழுக்கக் கேழ்வரகு மாவு.

"முருங்க மரத்துலருந்து."

"எங்க இருக்கு மரம்?"

"அவுங்க ஊட்டாண்ட."

"நீங்க யாரு?"

"பக்கத்துல... தெரிஞ்சவங்க."

 நாகவல்லிக்கு அப்போது மரமும் மில்லும் ஒன்றுதான். உள்ளே கொண்டுபோன ஸ்ட்ரெச்சர் எந்தப் பக்கம் திரும்பியது என்பதைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரந்தாமனுக்கு மட்டும், சொன்ன பொய் வாயிலிருந்து இறங்காமல் நின்றது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் திருத்திச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். நாகவல்லியின் ஐந்து படி மாவை அவளுடைய தெருப்பெண்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்க் காய்ச்சினார்கள். வெங்காயமும் முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்புமாக மூன்று மணி வரை ஜனம் குடித்தது. தாட்சாயிணிக்கும் ஒரு தூக்கு வந்தது. அவள் அதை மூடி திறக்காமல் அடுப்படியில் வைத்திருந்து, சாயங்காலம் தெருவில் வந்த மாட்டுக்கு ஊற்றினாள்.

கூரை ஓட்டையை ஒரு பழைய பேனரால் மூடினார்கள். மீதியுள்ள ஆறு பேனலைத் துடைக்க யாரும் ஏறவில்லை. பரந்தாமன் ஏணியை எடுத்து வைத்து இரண்டு படி ஏறினார். இந்தத் தடவை தாட்சாயிணி தடுக்கக்கூட இல்லை. மூன்றாவதில் கால் வைக்காமல் இறங்கிவிட்டார்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். கையில் குடை. வினோத் அவருக்கு முன்னால் ஓடி ஓடி ஏணியைப் பிடித்தான். அதிகாரி கூரை விளிம்பு வரை ஏறி, அங்கேயே நின்றபடி எண்ணினார்.

"பதினெட்டு. சரியா இருக்கு. அங்க என்ன, பேனர் போட்டு மூடியிருக்கீங்க?"

"ஷீட்டு ஒடைஞ்சிடுச்சி சார்" என்றார் பரந்தாமன்.

"உடனே மாத்திடுங்க. தெரியாம யாராச்சும் கால் வெச்சிடப் போறாங்க."

பரந்தாமன் தலையாட்டினார். அதிகாரி கடைசி வரிசையைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.  ஆறு பேனல்களில் ஆறு பொட்டு, மூன்று வார வெயிலில் கறுத்துச் சிவந்து, அப்படியே இருந்தன.

"பூஜை போட்டாச்சா?"

 வினோத்தான், "அது... சும்மா சார், இறக்கி வெச்சப்ப..." என்று இழுத்தான்.

"இதுல என்னங்க இருக்கு? எல்லாரும் போடறதுதான். போன வாரம் ஆவடில ஒருத்தர் எலுமிச்சம்பழமே கட்டி வெச்சிருந்தாரு." அதிகாரி இறங்கி வந்து இன்வெர்ட்டரைப் பார்த்தார். "அஞ்சு யூனிட் ஓடியிருக்கே. டெஸ்ட் பண்ணீங்களா?"

"ஆமா சார்."

"அதுவும் எல்லாரும் பண்றதுதான். முழுசா ஓட்டக்கூடாது, அவ்ளோதான். நல்லா மங்களகரமா இருக்கு. ஏன், மத்ததுக்கெல்லாம் வைக்கலையா? வெச்சா எல்லாத்துக்கும் வைங்க."

பேனலோடு உரிமையாளர் நிற்கிற படம் ஒன்று வேண்டும் என்றார். பரந்தாமன் ஏணியின் மூன்றாவது படியில் நின்றார். அதிகாரி போனை உயர்த்தி, "கொஞ்சம் சிரிங்க சார், நல்ல விஷயம்தான" என்றார். அந்தப் படம் இப்போதும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கிறது. அதில் பரந்தாமன் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அதிகாரியின் ஜீப் போனதும் வினோத், "பாத்தீங்களா சார், நல்ல மனுஷன். நான்தான் தேவையில்லாம பயந்துட்டேன்" என்றான். பரந்தாமன் அவனை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அடிக்க வேண்டிய ஆள் அவன் மட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஆவணி பிறந்து நான்காம் நாள் மானியம் அனுமதியானதாகச் செய்தி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு அய்யாசாமியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். செய்தி வந்த அன்றைக்குப் பரந்தாமன் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போனார். மில் திறந்த இந்த இருபத்திரண்டு வருடத்தில் அய்யாசாமியின் வீட்டு வாசலைத் தாண்டி அவர் உள்ளே போனது அன்றைக்குத்தான்.

ஒற்றை அறை. இரும்புக் கட்டிலில் அய்யாசாமி ஒருக்களித்துப் படுத்திருந்தார். நாகவல்லி முதுகுப் பக்கம் உட்கார்ந்து, புண் வராமலிருக்க ஈரத்துணியால் துடைத்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். குடியிருப்பு வேலையை விட்டுவிட்டாள். மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் போட ஆள் வேண்டும். வாசலில் முருங்கை மரம் எதுவும் இல்லை. பரந்தாமன் அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்திருந்தார்.

"வாங்க சின்னய்யா. நாற்காலில உக்காருங்க" என்றார் அய்யாசாமி. குரல் மட்டும் பழைய குரலாகவே இருந்தது. "கேவுரு கும்பல் கொறைஞ்சிடுச்சா?"

"கொறைஞ்சிடுச்சி."

"புது ஆளு எவனாச்சும் வந்தானா?"

"இன்னும் இல்ல. நானே ஓட்டறேன்."

"துணிக்குழாய இடது கையாலதான் தட்டணும். வலது கைன்னா டின்னு தொறக்க முடியாது." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போலீசு வந்து கேட்டாங்க. நானும் முருங்க மரம்னே சொல்டேன்."

பரந்தாமன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மருந்து செலவெல்லாம் நான் பாத்துக்கறேன் அய்யாசாமி."

"அது கெடக்குது சின்னய்யா. உங்களாண்ட ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். ஆஸ்பத்திரில படுத்துகினு ராவும் பகலும் இதான் நெனப்பு. கடைசி வரிச ஆறு பிளேட்டு தொடைக்காமயே வுட்டுட்டேனே. ஆபீசர் எதனா சொன்னாரா?"

"இல்ல. ஒன்னியும் சொல்லல."

"பொட்ட அவுரு பாக்கலியா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொன்னவருக்கு இன்னொன்று கஷ்டமில்லை. ஆனால் அய்யாசாமி முகத்தைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் சாம்பல் மாவு இல்லாமல் பரந்தாமன் இதுவரை பார்த்ததே இல்லை.

"பாத்தாரு" என்றார்.

பவுடர் போட்டுக்கொண்டிருந்த நாகவல்லியின் கை நின்றது. அன்றைக்கு முதல் தடவையாக அவள் வாயைத் திறந்தாள்.

"பாத்துட்டு இன்னா சொன்னாரு?"

பரந்தாமன் பையின் வாரைத் திருகினார். வெளியே யாரோ தண்ணீர்க் குட வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். அது போய் முடிகிற வரை காத்திருந்தார். பிறகும் அவள் அப்படியேதான் இருந்தாள்.

"எல்லாரும் வைக்கிறதுதான்னாரு. மங்களகரமா கீதுன்னாரு. வெச்சா எல்லாத்துக்கும் வைங்கன்னாரு."

"அப்ப தொடைக்கவே வேண்டியதில்ல."

நாகவல்லி அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை. 

அய்யாசாமி மூச்சை நிம்மதியாக விட்டார். முகம் மலர்ந்தது. "அப்ப மானியம் வந்துடும். நல்லதாப் போச்சி சின்னய்யா. என்னாலதான் கெட்டுப்போச்சோன்னு பயந்துகினே கெடந்தேன்" என்றார். பிறகு தலையைச் சற்றே திருப்ப முயன்று, முதுகுப் பக்கம் சொன்னார்: "நாகு, சின்னய்யாவுக்கு ஒரு டீ போட்டுக் குடு."

அவள் எழுந்திருக்கவில்லை.